அறை வெப்பநிலை

நீண்ட பதிவு. ஆய்வுக்கூடங்களில் காலம் கழித்தவர்களுக்கும் இனிக் கழிக்கப் போகிறவர்களுக்கும் எழுதுகிறேன். மற்றவர்களும் பொறுமையிருந்தால் வாசிக்கலாம்.

சில ஆண்டுகளுக்கு முன், பத்துப் பேர் அமர்ந்திருந்த ஒரு கூட்டத்தில், ஓர் இளைஞரை நான் குற்றவாளியாக்கினேன். அவர் குற்றவாளி அல்லர் என்பது பின்னர் தெரிந்தது. மன்னிப்பைத் தொலைபேசியில் தனியே கேட்டேன். குற்றச்சாட்டு பலர் முன்னிலையில் நிகழ்ந்திருக்க, மன்னிப்பு மட்டும் தனிமையில் முடிந்துபோவது நேர்மையாகப் படவில்லை. ஆகவே அவருடைய சம்மதத்துடன், பெயர் சொல்லாமல், இங்கே எழுதுகிறேன். நடந்ததைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் ஒரு பாக்டீரியாவின் உடலிலுள்ள சிறு இயந்திரம் ஒன்றைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அந்தப் பாக்டீரியாவின் பெயர் அக்ரோபாக்டீரியம் டியூமிஃபேசியன்ஸ். மண்ணில் வாழ்வது. செடியில் காயம்பட்ட இடத்தில், பெரும்பாலும் தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியில் தொற்றிக்கொண்டால், அங்கே கழலை எழும். அக்கழலைக்குக் காரணம் ஒரு பாக்டீரியாவே என்று 1907இல் எர்வின் ஸ்மித், டௌன்சென்ட் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் நிறுவினர். 1940களில் ஆர்மின் பிரௌன் இன்னும் ஒரு படி சென்றார். அவர் எடுத்துக்கொண்ட செடி நம் வீட்டு வாசல்களில் பூக்கும் நித்தியகல்யாணி. 46, 47 டிகிரி செல்சியஸ் சூட்டில் பாக்டீரியா மடியும், நித்தியகல்யாணி பிழைத்துக்கொள்ளும். தொற்றிய சில நாட்களுக்குப் பின் இவ்வாறு பாக்டீரியாவை மட்டும் கொன்றுவிட்டாலும் கழலை நிற்காமல் வளர்ந்தது. அப்படியானால் பாக்டீரியா எதையோ செடிக்குள் விட்டுச் சென்றிருக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார்.

அந்த ‘எதையோ’ இன்னதென்று தெரிய மேலும் முப்பதாண்டுகள் ஆயின. 1974இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் ஷெல், வான் மொண்டாகு ஆகியோரின் குழு, நோய் உண்டாக்கும் அக்ரோபாக்டீரியங்களுக்குள் மிகப் பெரிய வளைய டி.என்.ஏ. ஒன்று இருப்பதைக் கண்டது. 1977இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் மேரி-டெல் சில்டனும் அவருடன் பணியாற்றியவர்களும், அவ்வளையத்தின் ஒரு துண்டு கழலையின் செல்களுக்குள் இருப்பதைக் காட்டினர். ஒரு பாக்டீரியா தன் டி.என்.ஏ.வின் ஒரு பகுதியைச் செடிக்குக் கொடுக்கிறது. செடி அதைத் தன்னுடையதாகவே எண்ணி வாசிக்கிறது. அத்துண்டில் உள்ளவை, செல்களைப் பெருகச் செய்யும் வளர்ச்சி ஊக்கிகளுக்கான மரபணுக்களும், ஓபைன் எனப்படும் சத்துப் பொருளுக்கான மரபணுக்களும். ஓபைனைச் செடியால் பயன்படுத்த முடியாது, அக்ரோபாக்டீரியம் உண்ணும். அடுத்தவர் வீட்டில், அடுத்தவர் விறகில், தனக்கான அடுப்பை மூட்டிக்கொள்ளும் ஏற்பாடு இது.

இந்தக் கொடுக்கல் எப்படி நடக்கிறது என்பதுதான் இப்பதிவின் மையம். காயம்பட்ட செடி சில வேதிப்பொருட்களைக் கசியவிடும். அசிட்டோசிரிங்கோன் அவற்றுள் முதன்மையானது. பாக்டீரியாவின் உட்சவ்விலுள்ள ஓர் உணர்வான் அதனை அறிந்ததும், உள்ளே ‘விர்’ என்னும் மரபணுக் கூட்டம் விழித்துக்கொள்ளும். விர்-டி1, விர்-டி2 என்ற இரு புரதங்கள், கொடுக்க வேண்டிய துண்டின் எல்லையைக் கண்டறிந்து ஓர் இழையை மட்டும் வெட்டும். வெட்டிய விர்-டி2 விலகிப் போவதில்லை. இழையின் நுனியில் தன்னையே பிணைத்துக்கொள்ளும். மறுபுறம், பதினொரு விர்-பி புரதங்களும் விர்-டி4 என்ற ஒன்றும் சேர்ந்து பாக்டீரியாவின் இரு சவ்வுகளையும் துளைத்து நிற்கும் ஒரு வாய்க்காலைக் கட்டும்; வெளியே மயிரிழை போன்ற நீட்சி ஒன்று முளைக்கும். இதுவே நான்காம் வகைச் சுரப்பு அமைப்பு. ஆற்றல் செலவழித்து உந்தும் மூன்று புரதங்கள் அதன் அடிவாயில் நிற்கின்றன. அவை அடையாளம் கண்டு இழுப்பது டி.என்.ஏ.வை அன்று, விர்-டி2 புரதத்தின் வால்பகுதியை. டி.என்.ஏ. இழை அப்புரதத்தின் பின்னால் கயிறு போல் செல்கிறது. விர்-இ2 என்னும் இன்னொரு புரதம் அதே வழியே தனியாகச் சென்று, செடியின் செல்லுக்குள் அவ்விழையைப் போர்த்திக் காக்கிறது. டி.என்.ஏ. இல்லாமலே இப்புரதங்கள் கடந்து செல்லும் என்பதை 2000ஆம் ஆண்டில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் நிரூபித்தனர். ஆக, இது அடிப்படையில் புரதம் கடத்தும் இயந்திரம், டி.என்.ஏ. அதன் விருந்தாளி.

இவ்வமைப்பு அக்ரோபாக்டீரியத்துக்கு மட்டும் உரியதன்று. 1946இல் லெடர்பெர்க்கும் டேட்டமும் பாக்டீரியாக்கள் தமக்குள் மரபணுக்களைப் பகிர்ந்துகொள்வதைக் கண்டறிந்தார்களே, அந்த ‘இணைவு’க்குப் பின்னால் இருப்பதும் இதே குடும்பத்து இயந்திரம்தான். மருத்துவமனைகளில் ஒரு பாக்டீரியாவிடமிருந்து இன்னொன்றுக்கு எதிர்ப்பு மரபணுக்கள் தாவுவது பெரும்பாலும் இவ்வழியேதான். 2009இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான, புது தில்லியின் பெயரைச் சுமந்து நிற்கும் என்.டி.எம்-1 நொதிக்கான மரபணுவும் இவ்வாறு தாவும் பிளாஸ்மிட்களில் பயணம் செய்வது. வயிற்றுப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர், டி.என்.ஏ. எதுவும் சேர்க்காமல், கேக்-ஏ என்ற ஒற்றைப் புரதத்தை இரைப்பையின் செல்களுக்குள் இதே வகைக் குழாயால் செலுத்துகிறது. லீஜனெல்லா முந்நூறுக்கும் மேற்பட்ட புரதங்களை அனுப்புகிறது. இயந்திரம் ஒன்றே; அனுப்பப்படும் பொருளும் பெறுகிறவரும் வேறு.

‘சுரப்பு’ என்ற சொல் எனக்கு நெடுநாள் உறுத்திக்கொண்டிருந்தது. ஊற்று சுரக்கும், பால் சுரக்கும். தானே ஊறி வழிவதைத்தான் நம் மொழி சுரத்தல் என்கிறது. இங்கே நடப்பதோ, ஆள் பார்த்து, கதவு தட்டி, கையில் கொடுப்பது. பத்திரமும் சாட்சியும் இல்லாமல் ஒருவர் இன்னொருவருக்குக் கொடுப்பதைக் ‘கைமாற்று’ என்போம். அதுவே பொருத்தமான சொல் என்று தோழிகளிடம் வேடிக்கையாகச் சொல்லிவந்தேன். பிறகு அக்கருத்தை மாற்றிக்கொள்ள நேர்ந்தது.

இனி என் கதைக்கு வருகிறேன். ஹைதராபாத்தில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் முனைவர் பட்ட ஆய்வாளராக இருந்தேன். உப்புத்தன்மையைத் தாங்குவதோடு தொடர்புடைய மரபணு ஒன்றைத் தக்காளிக்குள் செலுத்தி அதன் வேலையை அறிவது என் தலைப்பு. செலுத்துவதற்கு உலகமே பயன்படுத்தும் வழி அக்ரோபாக்டீரியம். கழலை உண்டாக்கும் மரபணுக்களை நீக்கிவிட்டு, எல்லைக்குறிகளுக்கு நடுவே நமக்கு வேண்டிய மரபணுவை வைத்துவிட்டால், அது தன் துண்டென்று நம்பி நம்முடையதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். 1983 முதல் இவ்வாறு செடிகள் உருவாக்கப்படுகின்றன. எங்கள் ஆய்வுக்கூடத்தில் அதனை ‘அக்ரோ’ என்று செல்லமாகச் சொல்வோம். குளிர்பெட்டியில் பிப்பெட்டுக்கும் அமிலக் குப்பிக்கும் அருகே அதுவும் ஒரு கருவி. உயிர் என்ற நினைவே எங்களுக்கு வந்ததில்லை.

செய்முறைத் தாள் ஒன்று எங்கள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. எவரோ ஒரு முன்னோர் தட்டச்சு செய்தது, நகலின் நகல். தக்காளி விதையிலைகளை வெட்டு. பாக்டீரியாக் கரைசலில் நனை. ஊடகத் தட்டில் பரப்பு. “அறை வெப்பநிலையில், இருளில், இரண்டு நாள் வை” என்றது அது. இலைத்துண்டும் பாக்டீரியாவும் சேர்ந்து இருக்கும் அந்த இரண்டு நாளில்தான் கைமாற்று நடந்தாக வேண்டும். பிறகு பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தும், மரபணு ஏறாத செல்களைக் கொல்லும் கனமைசினும் கலந்த ஊடகத்துக்கு மாற்றினால், ஏறிய செல்களிலிருந்து மட்டும் பசுந்தளிர் வரும்.

முதல் ஆண்டு நவம்பரிலும் டிசம்பரிலும் தளிர்கள் வந்தன. அடையாள மரபணுவுக்கான சோதனையில் நீலமும் தெரிந்தது. ஜனவரி இறுதியில், முதுகலைச் செயல்திட்டத்துக்காக ஆறு மாதம் எங்களுடன் பணியாற்ற ஓர் இளைஞர் வந்தார். தெலுங்கு மண்ணின் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவர். குறைவாகப் பேசுவார். என்னை அக்கா என்று அழைத்தார். தெலுங்கிலும் அக்கா அக்காதான் என்பதால் அது எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. இலை வெட்டுவதும் நனைப்பதும் தட்டுகளைப் பெட்டியில் அடுக்குவதும் அவர் பொறுப்பாயின.

பிப்ரவரி நடுவிலிருந்து தளிர்கள் குறைந்தன. மார்ச்சில் நின்றே போயின. இலைத்துண்டுகள் கனமைசினில் வெளுத்து மடிந்தன. கைதேர்ந்தவர்கள் தூக்கத்தில்கூடச் செய்துவிடக்கூடியது என்று சொல்லப்படும் புகையிலையை ஒப்பீட்டுக்காகச் சேர்த்தோம். அதுவும் வரவில்லை. புகையிலையே வரவில்லையென்றால் பிழை செய்பவரின் கையில்தான் என்பது எங்கள் துறையின் எழுதப்படாத தீர்ப்பு. பாக்டீரியாவைப் பரிசோதித்தோம், பிளாஸ்மிட் இருந்தது. ஊடகத்தை மாற்றினோம். அசிட்டோசிரிங்கோனைப் புதிதாக வாங்கினோம். பாக்டீரியாவும் நன்றாகவே வளர்ந்தது. சொல்லப்போனால் தேவைக்கு மேல் வளர்ந்து இலைகளின் மேல் பாடை கட்டியது.

ஏப்ரல் மாதக் கூட்டத்தில் நெறியாளர் என்னிடம் காரணம் கேட்டார். என் இரண்டாம் ஆண்டு மதிப்பீடு நெருங்கிக்கொண்டிருந்தது. “ஜனவரி வரை எல்லாம் சரியாகவே வந்தது. பிப்ரவரிக்குப் பிறகுதான் வரவில்லை. இடையில் மாறியது ஒன்றுதான்” என்றேன். அவர் பெயரை நான் சொல்லவில்லை; அவர் பக்கம் திரும்பவும் இல்லை. சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. அறையில் இருந்த எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் தன் குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பின் அவருக்குத் தட்டு கழுவுவதும் ஊடகம் கொதிக்க வைப்பதும் மட்டும் தரப்பட்டன. ஜூன் இறுதியில், விளைவு எதுவும் இல்லாத செயல்திட்ட அறிக்கை ஒன்றைச் சமர்ப்பித்துவிட்டுச் சென்றார். முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்க எண்ணியிருந்தவர் விண்ணப்பிக்கவில்லை என்று பின்னர் கேள்விப்பட்டேன்.

இதன்பின் நடந்ததுதான் கொடுமை. அவர் சென்ற சில வாரங்களில் தளிர்கள் திரும்ப வந்தன. ஜூலையில் சில, செப்டம்பரில் பல, குளிர்காலத்தில் ஏராளம். குற்றம் ஐயத்துக்கிடமின்றி நிரூபணமாகிவிட்டது போல் இருந்தது. “பார்த்தீர்களா?” என்று நான் வாய்விட்டுச் சொன்னதாகவும் நினைவு.

மறு ஆண்டு பிப்ரவரி வந்தது. தளிர்கள் குறைந்தன. மார்ச்சில் நின்றன.

இப்போது ஆய்வுக்கூடத்தில் நான் மட்டும்தான் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தேன். குற்றம் சாட்ட வேறு எவரும் இல்லாதபோதுதான் எனக்கு வாசிக்கத் தோன்றியது. அதுவரை நான் அக்ரோபாக்டீரியத்தைப் பற்றி வாசித்திருந்தவை எல்லாம் அதனைப் பயன்படுத்தும் வழிகளைப் பற்றியவை. முதன்முறையாக அதன் உடலைப் பற்றி வாசித்தேன். அவ்வாறு கிடைத்ததுதான் சியாட்டிலில் ஃபுல்னரும் நெஸ்டரும் 1996இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை.

கழலைகள் ஏறத்தாழ 22 டிகிரியில் நன்றாக உருவாகும், 29 டிகிரிக்கு மேல் உருவாகா என்பது பழைய செய்தி. பல பத்தாண்டுகளாக அறியப்பட்டது. ஏன் என்பதே அவர்களுடைய கேள்வி. அவர்கள் அதனை அணுகிய முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சூட்டில் தளர்வது செடியாக இருக்கலாம். எனவே செடியை விலக்கிவிட்டு, அதே விர் இயந்திரத்தைக் கொண்டு ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொரு பாக்டீரியாவுக்கு ஒரு சிறு பிளாஸ்மிட்டை அனுப்பவைத்தனர். 19 டிகிரியில் மிகுதியாகச் சென்றது. 28 டிகிரிக்கு மேல் செல்லவே இல்லை. ஆக, செடி காரணமன்று. விர் மரபணுக்கள் சூட்டில் விழிக்காமல் இருக்கலாம். அளந்து பார்த்தனர், விழிப்பில் ஏற்படும் மாற்றம் இவ்வளவு வீழ்ச்சியை விளக்கப் போதவில்லை. பாக்டீரியாவே சூட்டில் சோர்ந்துபோயிருக்கலாம். அதற்கு வேறு குடும்பத்து இணைவு இயந்திரம் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தனர். அதே சூட்டில், அதே பாக்டீரியா, அதே பிளாஸ்மிட்டை அந்த வேறு வழியால் அனுப்பியது. எஞ்சியது ஒன்றே: விர் இயந்திரம்தான் சூட்டில் இயங்குவதில்லை. அதே ஆண்டில் வெளிவந்த இன்னொரு கட்டுரையில், மயிரிழை போன்ற நீட்சி 19 டிகிரியில் வளர்த்த பாக்டீரியாக்களில் தெளிவாகத் தெரிவதையும் 28 டிகிரியில் அரிதாகிவிடுவதையும் அவர்கள் காட்டியிருந்தனர்.

பாக்டீரியா 28 டிகிரியில் மிக நன்றாக வளரும். நாங்கள் அதனை வளர்ப்பதே அந்த வெப்பநிலையில்தான். வளர்கிறது, ஆனால் கொடுப்பதில்லை. எங்கள் பரிசோதனைகள் எல்லாமே அது வளர்கிறதா என்பதைத்தான் கேட்டன; கொடுக்கிறதா என்று ஒன்றும் கேட்கவில்லை. என் பாட்டி மாடு வைத்திருந்தாள். மிரண்ட மாடு மடி நிறையப் பால் வைத்துக்கொண்டும் சுரக்காது என்பாள். கறக்கிறவளைத் திட்டிப் பயனில்லை, மாட்டின் நிலையைப் பார் என்பாள். நான் ஏளனம் செய்த ‘சுரப்பு’ என்ற சொல்லுக்குள் இந்தப் பொருளும் இருக்கத்தான் செய்தது.

இருநூறு ரூபாய்க்குச் சற்று மேல் கொடுத்து, மீயுயர் அளவையும் மீத்தாழ் அளவையும் பதிந்து வைத்திருக்கும் சிறு வெப்பமானி ஒன்றை வாங்கினேன். திசு வளர்ப்பு அறையின் சுவரில் ஏற்கெனவே ஒரு வெப்பமானி உண்டு. காலை பத்து மணிக்கு நாங்கள் வரும்போதெல்லாம் அது 25 காட்டும். ஆனால் மின்சிக்கனத்துக்காகக் குளிர்சாதனங்கள் இரவு எட்டு மணிக்கு நிறுத்தப்பட்டுக் காலை ஏழு மணிக்கே ஓடத் தொடங்கும் என்பதும், செடிகளுக்கான குழல்விளக்குகள் தானியங்கிக் கடிகாரத்தின்படி நள்ளிரவு தாண்டியும் எரியும் என்பதும் எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்த இரண்டையும் சேர்த்து எவரும் யோசிக்கவில்லை. எங்கள் தட்டுகள் இருந்த அட்டைப்பெட்டியோ, விளக்கு அலமாரியின் மேல்தட்டில், கூரைக்கு அருகே இருந்தது. கீழே இடமில்லை என்று அவ்விடத்தைத் தேர்ந்தெடுத்தவள் நான்.

புது வெப்பமானியை அப்பெட்டிக்குள் ஓர் இரவு வைத்தேன். மறுநாள் காலையில் அது காட்டிய மீயுயர் அளவு 34.

பிறகு செய்தது, ஓராண்டுக்கு முன்பே செய்திருக்க வேண்டியது. ஒரே நாளில், ஒரே செடித்தொகுதியிலிருந்து வெட்டிய துண்டுகளை, ஒரே பாக்டீரியாக் கரைசலில், ஒரே கையால் நனைத்தேன். பாதியை மேல்தட்டுப் பெட்டியிலும் பாதியை 22 டிகிரிக்கு அமைத்த இன்குபேட்டரிலும் வைத்தேன். இரண்டு நாள். அதன்பின் எல்லாவற்றையும் ஒன்றுபோலவே நடத்தினேன். ஐந்தாம் வாரத்தில், இன்குபேட்டரில் இருந்தவற்றுள் மூன்றில் ஒரு பங்கு துண்டுகளில் தளிர் இருந்தது. பெட்டியில் இருந்தவற்றுள் ஒன்றில்கூட இல்லை. வெளியே ஹைதராபாத்தின் மே மாத வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அந்தத் தட்டுகளை இரு கைகளிலும் வைத்துக்கொண்டு நான் மகிழ்ந்திருக்க வேண்டும். ஆய்வு பிழைத்துக்கொண்டதே. எனக்கு நினைவுக்கு வந்ததோ குறிப்பேட்டைப் பார்த்தபடி குனிந்திருந்த ஒரு தலை.

அவர் வந்ததும் கோடை வந்ததும் ஒரே காலம். அவர் சென்றதும் மழை வந்ததும் ஒரே காலம். உடன்நிகழ்வதெல்லாம் காரணமாகிவிடாது என்பதை முதலாண்டு மாணவர்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். ஃபுல்னரும் நெஸ்டரும் ஒரு பாக்டீரியாவின் மீதான ஐயத்தைத் தீர்க்கச் செடியை விலக்கினார்கள், மரபணு விழிப்பை அளந்தார்கள், மாற்று இயந்திரம் கொடுத்துப் பார்த்தார்கள். கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிருக்குக் கிடைத்த அந்த விசாரணையில் நூறில் ஒரு பங்குகூட என் அருகே நின்ற மனிதருக்குக் கிடைக்கவில்லை. அவர் எங்கள் கூடத்தில் மிக இளையவர், மிகப் புதியவர், ஆறு மாதத்தில் போய்விடப் போகிறவர். காரணம் தேடும்போது கண் முதலில் எங்கே போகிறது என்பதை நாம் அனைவரும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

“அறை வெப்பநிலை” என்ற தொடரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தப் பாக்டீரியாவின் வரலாற்றில் பெரும்பகுதி எழுதப்பட்ட கென்ட்டிலும் சியாட்டிலிலும் அறை என்பது ஏறத்தாழ இருபது டிகிரி. அங்கே அவ்விரு சொற்களையும் எழுதினால் போதும். இயந்திரத்துக்கு உகந்த நிலை தானாக அமைந்துவிடும். அதே சொற்கள் நகலின் நகலாகத் தக்காணத்துக்கு வந்து சேரும்போது அவற்றின் பொருள் பத்துப் பன்னிரண்டு டிகிரி உயர்ந்துவிடுகிறது. எழுத்து மட்டும் மாறாமல் இருக்கிறது. ஆய்வு அறிக்கைகளில் செய்முறைப் பகுதியை எழுதும் நண்பர்களே, எண்ணை எழுதுங்கள். காலை பத்து மணியின் எண்ணை மட்டுமல்ல, நள்ளிரவின் எண்ணையும் எழுதுங்கள்.

மே மாத இறுதியில் அவருடைய எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தேன். தம் மாவட்டத்தில் ஒரு மருத்துவமனையின் நுண்ணுயிரியல் கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். நோயாளிகளின் மாதிரிகளிலிருந்து பாக்டீரியாக்களைப் பிரித்து, எந்த மருந்துக்கு அவை மடியும், எதற்கு மடியா என்று பார்க்கும் பணி. கைமாற்றாக வந்த எதிர்ப்பு மரபணுக்களின் கணக்குப்பிள்ளை வேலைதான் என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். நான் நடந்ததைச் சொன்னேன். வெப்பநிலை, பெட்டி, இரவு, 34. மன்னித்துவிடுங்கள் என்றேன். சற்று நேரம் அவர் பேசவில்லை.

பிறகு, “அக்கா, நான் ஒருநாள் சொன்னேனே” என்றார். “காலையில் சீக்கிரம் வந்து பெட்டியை இறக்கினேன். அடிப்பக்கம் கைக்குச் சுட்டது. உங்களிடம் சொன்னேன். விளக்கு எரிகிறதல்லவா, அப்படித்தான் இருக்கும் என்றீர்கள்.”

எனக்கு அது நினைவில் இல்லை. அவர் பொய் சொல்லக்கூடியவர் அல்லர். இருந்தும், மனம் எப்படிப்பட்டது பாருங்கள், மறுநாள் நான் போய் அலமாரியில் பழைய குறிப்பேடுகளைத் தேடினேன். எங்கள் கூடத்தில், விட்டுப் போகிறவர்கள் தம் குறிப்பேட்டை வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அவருடையது அடியில் இருந்தது. மார்ச் மாதத்தின் ஒரு பக்கத்தில், தட்டுகளின் எண்ணிக்கைக்குக் கீழே, சிறிய எழுத்தில் ஒரு வரி: காலை 6.40, பெட்டி சூடாக இருந்தது, அக்காவிடம் தெரிவித்தேன்.

எங்கள் கூடத்தில் கண்டுபிடிப்பைச் செய்தவர் அவர். நான் செய்தது ஓராண்டு கழித்து வெப்பமானி வாங்கியது மட்டும். நெறியாளரிடம் அப்பக்கத்தைக் காட்டினேன். அடுத்த கூட்டத்தில், அன்று இருந்தவர்களுள் இன்னும் எஞ்சியிருந்த அறுவர் முன்னிலையில் அதனை வாசித்தேன். என் ஆய்வேட்டின் நன்றியுரையில் அவர் பெயர் இருக்கிறது. செய்முறை அத்தியாயத்தில் வெப்பநிலை குறித்த பகுதியிலும், முதலில் கவனித்தவர் என்று அவர் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். இது அவருக்கு இழந்த எதையும் திருப்பித் தராது என்று எனக்குத் தெரியும். முனைவர் பட்டத்துக்கு இனி முயல்வீர்களா என்று கேட்டேன். யோசிக்கிறேன் என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

அந்த உரையாடலின் முடிவில் அவர் சொன்ன ஒன்றைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். “இங்கே வந்ததும் நான் செய்த முதல் வேலை, இன்குபேட்டருக்குள் தனியாக ஒரு வெப்பமானி வைத்ததுதான், அக்கா. வெளியே தெரியும் எண்ணை நான் நம்புவதில்லை.”

தட்டுகளைப் பெட்டியிலிருந்து இறக்குகிற கை எதையாவது சொன்னால், தயவுசெய்து நின்று கேளுங்கள்.